மருந்து வைத்தவள்

காஞ்சிபுரம்
7-8-1972

சௌபாக்கியவதி ஜெயம்மாளுக்கு லோகாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கு நான் சுகம். அங்கே என் தம்பி தணிகாசலம் எப்படி இருக்கிறான் என்று நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்து இத்தனை நாளாகியும் ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. கட்டின பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது அக்காளுக்கு என்ன கவலை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. எங்கள் அம்மா செத்தபோது அவன் பால் குடி மறக்காத பிள்ளை. இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவள் நான். நீ அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து வந்தவள்.

சோடா கம்பெனியை நானே பார்த்துக்கொள்கிறேன். சாராயக் கடை திறந்ததிலிருந்து சாயங்காலமானால் கூட்டம் நெரிகிறது. தறியை விட்டு இறங்கினவர்கள் நேராக அங்கே போய்விட்டு, இங்கே வந்து இஞ்சி சோடா குடித்து ஏப்பம் விடுகிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "முதலாளிக்கு எப்பிடிமா இருக்குது" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? எனக்கே தெரியாததை அவர்களுக்குச் சொல்ல முடியுமா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் கேட்கத்தான் போகிறேன். கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அவனுடையது. வைகாசி விசாகத்தன்று நீ வைத்த மிளகு ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவன் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தான். அன்று பிடித்தது. எது உள்ளே போனாலும் திரும்பி வருகிறது. தன் கம்பெனி சோடாவையே மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தான், பன்னீர் சோடா, இஞ்சி சோடா, எதற்கும் நிற்கவில்லை. அந்த ரசத்தில் என்ன போட்டாய்? மிளகு, சீரகம் என்று எழுதாதே.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
லோகாம்பாள்


சென்னை
10-8-1972

அண்ணி அவர்களுக்கு ஜெயம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கார்டு போடாதது தப்புதான். இங்கே வார்டு வராந்தாவில் புடவையை விரித்துப் படுத்து எழுந்திருக்கிறேன். என் அண்ணன் சபாபதி பெரம்பூரிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். பேனாவும் தாளும் கேட்டு வாங்க இன்றுதான் முடிந்தது.

அவருக்கு வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து வயிற்றைப் படம் எடுத்தார்கள். வயிற்றிலிருந்து குடலுக்குப் போகிற வழி ஊசிக் காது அளவுக்கு அடைத்துப் போயிருக்கிறதாம். பெரிய டாக்டர் புற்று என்றுதான் சொல்கிறார். பாதி வயிற்றை அறுத்து எடுத்துவிட்டு மீதியைத் தைக்க வேண்டுமாம். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாம்தான் என்னைத் தின்கிறது. ஆள் பாதியாகிவிட்டார் அண்ணி.

ரசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே ரசத்தை நானும் சாப்பிட்டேன். நீங்களும் சாப்பிட்டீர்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள், ஞாபகம் இருக்கும்.

நானும் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு தடவை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு "எசென்ஸ் வாங்கப் போறேன்" என்று பட்டணம் வந்துகொண்டிருந்தாரே, பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்பினார். கேட்டால் கடை பூட்டியிருந்தது என்பார். இரண்டு வருஷமாகப் படுக்கையை எடுத்துக்கொண்டு கம்பெனியில் பாட்டில் அடுக்குகிற அறைக்குப் போய்விட்டார். முதுகு தேய்க்கக் கூப்பிட மாட்டார். நான் தேய்க்கப் போனாலும் கதவைச் சாத்திக்கொள்வார். இந்தப் பட்டணத்தில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பார்வையாளர் நேரத்தில் வாசலில் நுழைகிற ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தி வந்து "அவருக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வது? நீங்கள் வளர்த்த தம்பி. உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டு மறைக்கிறீர்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
ஜெயம்மாள்


காஞ்சிபுரம்
14-8-1972

ஜெயம்மாளுக்கு லோகாம்பாள் எழுதுவது.

நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று கேட்கிறாய். நல்ல சாமர்த்தியம். என் தம்பிக்குப் பட்டணத்தில் எவளாவது இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் முகத்துக்கு ஒன்றும் மறைக்கத் தெரியாது. மறைக்கத் தெரிந்தவள் வேறு யாரோ.

நேராகவே எழுதிவிடுகிறேன். பட்டணத்துக்கு பஸ் ஏற்றுகிற அன்று அவன் சட்டையெல்லாம் வாந்தி. நான்தான் மாற்றிவிட்டேன். "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று கையால் மூடிக்கொண்டான். கையை விலக்கிப் பார்த்தேன். வயசுக்கு வருகிற பெண் பிள்ளைக்கு இருப்பதுபோல மார் வீங்கியிருக்கிறது. ஐம்பது தாண்டின ஆம்பளைக்கு. நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பஸ் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் இரவெல்லாம் மூத்திரத்துக்கு எழுந்து எழுந்து போனான், சொட்டுச் சொட்டாக வருகிறது என்று முனகினான். பிறகு அது நின்றது. நின்றபிறகுதான் உன்னை விட்டு விலகிப் படுத்தான். அவனாக விலகவில்லை, ஆம்பளைத்தனத்தை எடுத்துவிட்டால் எவனும் விலகித்தான் படுப்பான்.

புருஷனை மடியில் முடிந்துகொள்ளச் சோற்றில் மருந்து வைப்பார்கள். உன் தாய்வீட்டுப் பக்கம் இது சகஜம் என்று எதிர்வீட்டுச் சம்பூர்ணம் சொல்கிறாள். உள்ளே போன மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு, மயிர் முளைத்து, உருண்டையாக வளரும். படத்தில் அடைத்துக்கொண்டு தெரிந்தது வேறென்ன?

இதற்குமேல் சாட்சி வேண்டுமா? நேற்று எசென்ஸ் அலமாரியைத் துடைத்தேன். கலர் சோடாவுக்குப் போடுகிற சிவப்புப் பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழுப்பு நிற பாட்டில். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறாய். உள்ளே பாதி அளவுக்குக் குட்டிக் குட்டியாக வெள்ளை மாத்திரைகள். ரசத்தில் கரைத்தால் யாருக்குத் தெரியும்? பாட்டில் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சாவி என் கழுத்தில் இருக்கிறது.

திருமுக்கூடல் பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பச்சிலையும் எண்ணெயும் கொடுத்து, அடிவயிற்றைப் பிசைந்து, வாந்தியாக எடுத்துவிடுவார். இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். டாக்டரை வயிற்றில் கத்தி வைக்க விடமாட்டேன். நான் "எழுந்து வாடா" என்றால் தணிகாசலம் வருவான். நீ குறுக்கே நின்றால் வார்டு என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

லோகாம்பாள்


சென்னை
21-8-1972

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வராந்தாத் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன். வார்டில் கிருஷ்ணவேணி என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா. "இன்னாம்மா, ஊர்ல யாருனா தவறிட்டாங்களா?" என்றார். "இல்லை டாக்டர், நான் கொலைகாரியாம். நீங்களே படிச்சிப் பாருங்க" என்று கொடுத்துவிட்டேன். மானம் போனபிறகு யார் படித்தால் என்ன என்று இருந்தது.

முதலில் சிரித்துக்கொண்டுதான் படித்தார். மார் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அங்கே வந்ததும் சிரிப்பு நின்றது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்ததைத் திரும்பவும் படித்தார். பாட்டிலைப் பற்றிப் படித்துவிட்டுக் கடிதத்தை என் கையில்கூடக் கொடுக்காமல் உள்ளே போனார். திரையை இழுத்துவிட்டு அவரிடம் சட்டையைக் கழற்றச் சொன்னார். அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார் அண்ணி. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். புரோஸ்டேட் என்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில்தான் அவருக்குப் புற்று வந்திருக்கிறது. நமக்கு யாருக்கும் சொல்லாமல் இந்தப் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். பெண்களின் உடம்பில் சுரக்கிற சத்தை மாத்திரையாகச் செய்து அதற்குக் கொடுப்பார்களாம். அது புற்றை அடக்கும், கூடவே ஆம்பளைக்கு மார் வைக்கும். மாதம் ஒரு தடவை வந்தது அந்த மாத்திரைக்காக. நான் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பட்டணத்துக்காரி அந்த பாட்டிலுக்குள்தான் இருந்திருக்கிறாள். காகிதத்தைச் சுரண்டினதும் அவரேதான். தை மாதம் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தினதும் உள்ளே கிடந்தது கிளம்பி வயிற்றுக்கு வந்துவிட்டது.

குழாய் விட்டு வயிற்றிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், இரத்தமும் பார்த்தார்கள். இன்றைக்குத்தான் பதில் வந்தது. அதேதான் என்றார்கள். "இது எலும்புக்குத்தாம்மா போகும். வயித்துக்கு வர்றது அபூர்வத்திலும் அபூர்வம். அதனாலதான் எங்க யாருக்கும் தோணல. உங்க நாத்தனார் எழுதின மாதிரி நோயாளியோட கதைய நாங்க யாரும் எழுதி வைக்கல" என்றார் டாக்டரம்மா. அறுவை வேண்டாம் என்று பெரிய டாக்டரும் சொல்லிவிட்டார். மறுபடி மாத்திரைதான். முழுக்கக் குணமாகாதாம். ஆனால் சோறு இறங்குமாம், கொஞ்ச காலம். அந்த எண்ணெய் வைத்தியம் செய்து வாந்தி எடுக்க வைத்தால் வயிறு கிழிந்து அன்றைக்கே போய்விடுவார் என்று எச்சரித்தார்.

என்னைத் திட்டி எழுதினீர்கள். அந்தத் திட்டுதான் அவரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் உங்களுக்கு எழுதுவதை அவர் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காளுக்கு மட்டும் வேணாம் ஜெயம்மா. ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. என்னை இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ. பொம்பளை மாத்திரை தின்னு இப்பிடி ஆயிட்டேன்னு தெரிஞ்சா நான் அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? மறுபடியும் நிறுத்திடுவேன், பார்த்துக்கோ" என்கிறார். சொல்கிறபடி செய்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை அனுப்ப முடியாது. கிழிக்கவும் மனசு வரவில்லை. மடித்துப் பைக்கு அடியில் வைத்துவிட்டு வேறு எழுதுகிறேன்.


சென்னை
21-8-1972

அண்ணி அவர்களுக்கு ஜெயம்மாள் எழுதுவது.

நீங்கள் சொன்னது சரி. மருந்து நான்தான் வைத்தேன். அவருக்குப் பட்டணத்தில் யாரோ இருக்கிறாள் என்று சந்தேகப்பட்டுச் செய்துவிட்டேன். அந்த பாட்டிலும் என்னுடையதுதான். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இங்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருந்தை முறிக்க மாற்று மாத்திரை கொடுக்கிறார்கள். அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியரைக் கூட்டி வரவேண்டாம். இரண்டு வைத்தியம் கலந்தால் உயிர் போய்விடும் என்கிறார்கள். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நம்புங்கள். அவர் சாப்பிட ஆரம்பித்ததும் நீங்களே வந்து பாருங்கள்.

ஜெயம்மாள்


காஞ்சிபுரம்
24-8-1972

ஜெயம்மாளுக்கு,

ஆசீர்வாதம் எழுதப் பேனா ஓடவில்லை. வாயாலே ஒத்துக்கொண்டுவிட்டாய். இத்தனை வருஷம் உன் கையால் வாங்கிச் சாப்பிட்டதை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

வைத்தியரை நிறுத்திவிட்டேன். அவன் உயிருக்காக நிறுத்தினேன், உனக்காக இல்லை. சம்பூர்ணத்திடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னபிறகு தெருவுக்குத் தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை. இன்று காலையில் குழாயடியில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். தணிகாசலம் பிழைத்து எழுந்தாலும் அவன் மட்டும்தான் இந்த வீட்டுக்குள் வரலாம். நீ என் வாசற்படியை மிதிக்கக் கூடாது.

பாட்டிலைத் தூக்கிப் போடவா சொல்கிறாய்? நாளைக்குக் காலையில் நம்ம ஊர் டாக்டர் திருஞானசம்பந்தத்திடம் கொண்டுபோய், இது இன்ன விஷம் என்று கையெழுத்து வாங்கப்போகிறேன். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

லோகாம்பாள்


காஞ்சிபுரம்
6-9-1972

சௌபாக்கியவதி ஜெயம்மாளுக்கு லோகாம்பாள் எழுதுவது.

இந்தக் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படி.

நீ செய்த காரியத்துக்கு நரகத்தில் எண்ணெய்ச் சட்டிதான். நல்ல குடும்பத்தில் பிறந்த எவளும் செய்ய மாட்டாள். நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மாத்திரையை வேளை தவறாமல் கொடு, அதிலாவது ஏமாற்றாதே. தணிகாசலம், அவள் கொடுப்பதைத் தின்று தொலை. செய்த பாவத்தை அவளே கழுவட்டும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக இன்னும் ஒழியவில்லை. கம்பெனியில் வேலை சரியாக இருக்கிறது.

நம்ம தையற்காரரிடம் சொல்லி அவனுக்கு நாலு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். கெட்டித் துணி. தொளதொளவென்று, மார்பில் இரண்டு பக்கமும் பை வைத்து, பை மேல் மூடியும் வைத்துத் தைத்திருக்கிறது. இளைத்துப் போனவனுக்குப் பழைய சட்டை எடுப்பாக இருக்காது. வேறொன்றும் இல்லை.

லோகாம்பாள்


பெரம்பூர், சென்னை
20-11-1972

அண்ணி அவர்களுக்கு ஜெயம்மாள் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாதா மாதம் காட்ட வேண்டும் என்பதால் சபாபதி அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையிலேயே இருக்கிறோம். முதலில் கஞ்சி வயிற்றில் தங்கியது, பிறகு குழைந்த சோறு. இப்போது இட்லிக்கு மிளகாய்ப் பொடி கேட்டுச் சண்டை பிடிக்கிறார். முகத்தில் சதை வைத்திருக்கிறது.

போன மாதம் நீங்கள் வந்தபோது உங்கள் சாப்பாட்டை அடுக்கு டிபன் கேரியரில் கொண்டுவந்து, கூஜாத் தண்ணீரைக் குடித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். என் அண்ணன் வீட்டுத் தண்ணீர்கூட உங்களுக்கு விஷமாகிவிட்டது. தன் மனைவி பார்க்க நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று சபாபதி அண்ணன் என்னைக் கேட்டார். 

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. போலீஸுக்குப் போகிறேன் என்றவர் போகவில்லை. டாக்டர் என்ன கையெழுத்துப் போட்டார் என்று எழுதவில்லை. ஆசீர்வாதம் எழுதப் பேனா ஓடவில்லை என்றீர்கள், அடுத்த கடிதத்திலேயே சௌபாக்கியவதி என்று ஆரம்பித்தீர்கள். அப்புறம் அந்தச் சட்டை. யாரும் கேட்காமல் இரண்டு பக்கமும் பை வைத்துச் சட்டை தைப்பார்களா? நீங்கள் மனசில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னைச் சிக்க வைக்கத்தான் என்று நினைக்கிறேன். எப்போது, எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்தால் அவரே படிக்கச் சொல்கிறார். நீங்கள் என்னைத் திட்டியிருக்கிற இடம் வந்தால் "இன்னொரு தபா படி" என்கிறார். "எங்க அக்கா மாறவேயில்ல பாரு" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டு தூங்கிப் போகிறார். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

ஜெயம்மாள்


காஞ்சிபுரம்
28-5-1973

சௌபாக்கியவதி ஜெயம்மாளுக்கு லோகாம்பாள் எழுதுவது.

கருட சேவைக்கு அவன் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறான், கார்டில் எழுதியிருந்தான். அன்றைக்கு நம்ம கம்பெனியில் அவன் கல்லாவில் உட்காராத வருஷம் இல்லை. கூட்டிக்கொண்டு வா. முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போய்விடுங்கள். அந்தச் சட்டையைப் போட்டுவிடு.

நீ மட்டும் உள்ளே வராதே. நான் சொன்னது சொன்னதுதான். இதையும் அவனுக்குப் படித்துக் காட்டு.

லோகாம்பாள்


பெரம்பூர், சென்னை
22-6-1973

அண்ணி அவர்களுக்கு,

கருட சேவையன்று அவர் பட்ட சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பைச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்து, கோலியை அமுக்கி அமுக்கிச் சோடா உடைத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் பாத்திரக் கடைக் கீற்றுப் பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தேன். சம்பூர்ணம் தன் சொந்தக்காரிகளுக்கு என்னைக் கைகாட்டி, "அவதான், அவதான்" என்று சொன்னதையும் கேட்டேன். அவ்வளவு வெயிலில் தாகத்துக்கு எங்கள் கம்பெனிச் சோடா எனக்குக் கிடைக்கவில்லை.

வந்ததிலிருந்து மறுபடி சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை இனிமேல் கேட்காது போலிருக்கிறது என்கிறார்கள். நீங்கள் வந்து பார்ப்பதென்றால் சீக்கிரம் வாருங்கள். கேரியரோடு வந்தாலும் சரி.

ஜெயம்மாள்


காஞ்சிபுரம்
2-10-1973

ஜெயம்மாளுக்கு,

உன் பெயருக்கு முன்னால் எழுதுகிற சொல் போய்விட்டது. வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே எழுதுகிறேன்.

பிணத்தின் முன்னால் நான் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கவனித்தாயா? கேட்க அவன் இல்லை. அதனால் திட்டவில்லை.

போன வருஷம் அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டாக்டர் திருஞானசம்பந்தத்திடம் போனேன் அல்லவா? விஷம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மாத்திரையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். "லோகாம்பா, இது விஷம் இல்லமா. பொம்பளைங்களுக்கான மாத்திரை. ஆம்பளைக்குக் கொடுத்தா ஒரே ஒரு நோய்க்குத்தான் கொடுப்பாங்க" என்று சொல்லி, அது என்ன நோய் என்றும் சொன்னார். மூத்திரம், மார், தனிப் படுக்கை, எல்லாம் நானே எழுதினதுதானே?  நீ வைக்காத மருந்தை வைத்தேன் என்று ஏன் எழுதினாய் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அவன் உன்னிடம் கெஞ்சியிருப்பான். பஸ் ஏற்றின அன்று என் கையைத் தள்ளி மாரை மூடிக்கொண்டவன் எனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் கெஞ்சியிருப்பான்.

அன்றே உன் காலில் விழுந்து எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அவனுக்குப் படித்துக் காட்டுவாய், இல்லை உன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். நான் உன்னைத் திட்டுகிற வரைக்கும் அக்காளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நிம்மதியாக இருப்பான். அதனால் திட்டினேன். கேரியர் தூக்கிக்கொண்டு வந்ததும் அதற்குத்தான். கருட சேவையன்று உன்னை வெயிலில் நிறுத்தினேன். அவன் கல்லாவிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இரங்குகிறேனா என்று. இரங்கினால் முடிந்தது. சோடா பாட்டிலை எடுத்து எடுத்து வைத்தேன் ஜெயம்மா, கொடுத்தனுப்ப முடியவில்லை.

சம்பூர்ணத்திடம் சொன்னது மட்டும் உண்மை தெரியும் முன்னால் சொன்னது. அதை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. நீ மருந்து வைக்கவில்லை என்று சொன்னால், அப்புறம் அவனுக்கு என்ன என்று கேட்பார்கள். சொன்னால் உன் பெயர் மீளும், அவன் மார் தெருவுக்கு வரும். குழாயடியில் அவனை வைத்துச் சிரிப்பார்கள். ஆனாலும் நீ சொல். சொல்லிவிடு என்றால் நாளைக் காலையிலேயே குடத்தோடு போய்ச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி உன்னுடையது. அதன் சாவியும் என் கழுத்தில்தான் இருக்கிறது. கோபம் இருந்தால் திட்டியே பதில் போடு. பதில் மட்டும் போடு.

லோகாம்பாள்


பெரம்பூர், சென்னை
9-10-1973

அண்ணி அவர்களுக்கு ஜெயம்மாள் எழுதுவது.

படித்ததும் உங்கள்மேல் வந்த கோபத்தில் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். ஒரு வருஷம் அண்ணி. தெரிந்துகொண்டு ஒரு வருஷம். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதி, படித்ததும் கிழித்துப் போடு என்றிருந்தால் கிழித்திருக்க மாட்டேனா? ராத்திரியில் நமக்கு யாரும் இல்லையே என்று நான் அழுதபோது நீங்களும் அங்கே தனியாகத்தான் அழுதுகொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு இப்போதுதானா தெரியவேண்டும்? என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும் என்கிறீர்கள். கொடுத்திருக்கும், அது வாஸ்தவம்தான். அதனால் கோபம் போய்விடவில்லை.

இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில் உங்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்தது. தேதியைப் பாருங்கள். முதலில் உண்மையைத்தான் எழுதினேன், நான்தான் முதலில் மறைத்தேன் என்று பிறகு நீங்கள் சொல்லக் கூடாது.

சம்பூர்ணத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனதை நாம் வெளியே எடுக்க வேண்டாம். என் பெயர் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று செய்ய வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நானே சோறு வடித்து ரசம் வைக்கிறேன். நீங்கள் வீட்டுக்குள் உட்காரக் கூடாது. கம்பெனி வாசலில், தெருவைப் பார்த்து, இலை போட்டு உட்கார வேண்டும். குழாயடியில் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து நான் பரிமாறுவேன். என் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்க வேண்டும், சம்பூர்ணத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.

வீட்டில் மிளகு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். இல்லையென்றால் இங்கிருந்தே வாங்கி வருகிறேன்.

ஜெயம்மாள்